எராஸ்மஸின் இருபது பவுண்டு

1500ஆம் ஆண்டு ஜனவரி. ஒரு டச்சு அறிஞர் குளிரில் விறைத்துக்கொண்டு டோவர் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறார். சில மாதம் இங்கிலாந்தில் தங்கிப் படித்தாயிற்று, இனிப் பாரிஸ் போகவேண்டும். மடியில் சுமார் இருபது பவுண்டு. அன்றைய கணக்கில் ஓர் ஏழைப் படிப்பாளி நல்ல காலம் வரும்வரை கஞ்சி குடிக்கப் போதுமான காசு. நண்பர் தாமஸ் மோர் சட்டம் படித்தவர். பயப்படாதே, அது இங்கிலாந்து நாணயம் இல்லை, தாராளமாகக் கொண்டு போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். டோவரில் சுங்கக்காரன் மடியை அவிழ்க்கச் சொன்னான். நாட்டை விட்டுப் பணம் வெளியே போகக்கூடாது என்று பழைய சட்டம் ஒன்றைக் காட்டி ஏறக்குறைய முழுவதையும் எடுத்துக்கொண்டான். வெறுங்கையோடு கப்பலேறியவரின் பெயர் எராஸ்மஸ்.

ஐந்நூற்று இருபது ஆண்டு கழித்து அவர் பெயரிலிருந்த ஐரோப்பிய ஒன்றியக் கல்விப் பயணத் திட்டத்துக்கும் அதே சுங்கச் சோதனை நடந்தது. இந்த முறை மடி ஒருவருடையது அல்ல, ஒரு நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருடையதும். தாமஸ் மோர் இடத்தில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன்.

2020 ஜனவரி 15ஆம் தேதி நாடாளுமன்றத்தில் பிரதமர் கேள்வி நேரம். எராஸ்மஸ் திட்டத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை, தொடர்ந்து பங்கெடுப்போம் என்றார் ஜான்சன். அதே ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், எல்லாரும் வான்கோழியை ஊறப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், விலகிவிட்டோம் என்று அறிவித்தார். காரணம் கேட்டால், திட்டத்துக்கு ஏகப்பட்ட செலவாம். இங்கிருந்து போகிறவர்களைவிட அங்கிருந்து வருகிறவர்கள் அதிகமாம், கஜானாவுக்கு நஷ்டமாம். வாசலில் விருந்தாளி வந்து நிற்பதை நஷ்டக் கணக்கில் எழுதிய வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும். உன் மொழியைப் படிக்க, உன் ஊரைப் பார்க்க, உன் கடையில் காசு செலவழிக்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டு வருகிறது. அதற்குப் பெயர் நஷ்டம்!

இதைச் சொன்னவரின் பால்யத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். தகப்பனார் ஸ்டான்லி ஜான்சன் 1970களில் பிரசல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தில் உத்தியோகம் பார்த்தார். ஆகவே சிறுவன் போரிஸ் படித்தது பிரசல்ஸில் உள்ள ஐரோப்பியப் பள்ளியில். பல நாட்டுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, பிரெஞ்சு பேசப் பழகி, ஊரான் வீட்டு நெய்யில் ஊறிய பருப்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர். பிள்ளை ஐரோப்பாவின் கதவைச் சாத்திவிட்டு வந்ததும் தகப்பனார் என்ன செய்தார்? பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டார். 2022இல் கிடைத்தும் விட்டது. அப்பனுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, மகனுக்குப் பிரசல்ஸ் படிப்பு. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பப் படிவம். அந்தப் படிவத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எராஸ்மஸ் என்றால் பல்கலைக்கழக மாணவர்கள் பார்சிலோனாவில் பீர் குடிக்கும் திட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கும் அதில் பங்கு இருந்தது. இங்குள்ள ஓர் அரசுப் பள்ளியும் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ உள்ள ஒரு பள்ளியும் ஜோடி சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு வேலைத்திட்டம் போடலாம். அவர்கள் இங்கே வருவதற்கும் காசு, நாம் அங்கே போவதற்கும் காசு. ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காரவும் காசு. காசு இல்லாத நாளில்கூட, 2005இலிருந்து இணையத்தில் பள்ளியையும் பள்ளியையும் கோத்துவிடும் ஈட்வின்னிங் தளம் இருந்தது. அதற்குக் கட்டணமே கிடையாது. அதையும் சேர்த்து இழந்தோம். வீட்டைக் காலி செய்யும் கோபத்தில் சுவரிலிருந்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி. இத்தனைக்கும் 1987இல் எராஸ்மஸைப் பெற்றெடுத்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ஹிவெல் கெரி ஜோன்ஸ். வேல்ஸ்காரர். பிரிட்டன் தான் பெற்ற பிள்ளையையே அநாதை இல்லத்தில் விட்டுவிட்டு, வளர்ப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொன்னது.

பதிலுக்கு ஒரு புதுத் திட்டம் வந்தது. முதல் ஆண்டுக்கு 110 மில்லியன் பவுண்டு, 35,000 பேர் என்று தம்பட்டம். பெயர் டியூரிங் திட்டம்.

ஆலன் டியூரிங் நமக்கு அந்நியர் அல்ல. அவர் அம்மா பிறந்தது நம் கோயம்புத்தூர்ப் போத்தனூரில். தாத்தா மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அப்பாவும் அம்மாவும் இந்தியாவில் வெள்ளைக்காரத் துரைத்தனம் பண்ணிக்கொண்டிருக்க, குழந்தைகள் இருவரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் வீட்டில் வளர்ந்தார்கள். 1926 மே மாதம், பதின்மூன்று வயதில், பிரான்ஸிலிருந்து கப்பலில் சௌதாம்ப்டன் வந்து இறங்கினான் பையன். புதுப் பள்ளிக்கூடம், முதல் நாள். நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம், ரயில் இல்லை. சைக்கிளை எடுத்தான். சுமார் அறுபது மைல் மிதித்து, வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஷெர்போர்ன் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். திட்டத்துக்கு அவர் பெயரை ஏன் வைத்தார்கள் என்று அரசாங்கம் விளக்கம் கொடுத்ததில் இந்தச் சைக்கிள் இல்லை. ஆனால் எனக்குப் பொருத்தமாகப் படுவது இது ஒன்றுதான். அரசாங்கம் எதையும் ஓட்டவில்லை, பிள்ளையே மிதித்துக்கொள்ளட்டும்.

மற்றபடி அந்தப் பெயரை எடுக்க இவர்களுக்கு நா கூசியிருக்கவேண்டும். போரில் ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைத்துக் கொடுத்த மனிதரை, ஓர் ஆணை நேசித்தார் என்பதற்காக 1952இல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சிறையா ஊசியா என்று கேட்டு, ஹார்மோன் ஊசி போட்டார்கள். அடுத்த ஆண்டு நார்வேயிலிருந்து ஓர் இளைஞர் அவரைப் பார்க்க வந்தபோது வட இங்கிலாந்து முழுக்க அந்த இளைஞரைப் போலீஸ் தேடியது. 1954இல் அவர் செத்தார். 2013இல் மன்னிப்பு, 2021இல் ஐம்பது பவுண்டு நோட்டில் படம். வெளியூர்க்காரன் ஒருவன் பார்க்க வந்ததற்குப் போலீஸை ஏவிவிட்ட அதே அரசு, அவர் பெயரில் ஒரு திட்டம் போட்டது. அதன் விதியைக் கேளுங்கள்: போகிறவர்களுக்கு மட்டும் காசு, வருகிறவர்களுக்கு ஒரு பென்ஸ்கூடக் கிடையாது. பெயர்ப் பொருத்தம் யாரோ ஜாதகம் பார்த்தமாதிரி அமைந்துவிட்டது.

ஒருவழிப் பாதையில் எப்படிப் பரிமாற்றம் நடக்கும்? எங்கள் பிள்ளைகள் முப்பது பேர் உங்கள் வீடுகளில் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட வருகிறார்கள். உங்கள் பிள்ளைகள் வருவதாயிருந்தால் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டுக்கு இப்படி ஒரு சேதி அனுப்பிப் பாருங்கள், கல்யாணம் நிற்கும். வேல்ஸுக்கு இந்தச் சின்ன மரியாதை தெரிந்திருக்கிறது. 2022இல் தைத் என்று தனியாக ஒரு திட்டம் தொடங்கியது, நான்கு ஆண்டுக்கு 65 மில்லியன் பவுண்டு. பள்ளிகளுக்கும் உண்டு, போவதற்கும் உண்டு, வருவதற்கும் உண்டு. மூன்று மில்லியன் சொச்சம் பேர் உள்ள வேல்ஸால் முடிந்தது, லண்டனை வைத்திருக்கும் இங்கிலாந்தால் முடியவில்லை.

இப்போது படிவம்.

எராஸ்மஸில் ஒரு பள்ளி ஒருமுறை எழுதினால் இரண்டு ஆண்டு மூச்சு விடலாம். டியூரிங்கில் வருடா வருடம் புதிதாகப் போட்டி. வசந்தத்தில் எழுது, கோடையில் முடிவு, செப்டம்பரில் கிளம்பு. முடிவு வரும்போது மலிவு டிக்கெட் எல்லாம் போயிருக்கும். 2022இல் நடத்தும் பொறுப்பைப் பிரிட்டிஷ் கவுன்சிலிடமிருந்து எடுத்துக் கேபிட்டா என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தார்கள். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் வசூலிக்க ஆள் அனுப்பும் அதே நிறுவனம். கல்வித் துறையே 2024 தொடக்கத்தில் வெளியிட்ட மதிப்பீட்டில், பணம் தாமதமாக வந்ததும் கைக்காசைப் போட்டுச் சமாளிக்க வேண்டியிருந்ததும் பதிவாகியிருக்கிறது. கைக்காசு இல்லாதவர்களைக் கைதூக்கிவிடத்தான் திட்டம் என்று சொன்னவர்களும் அதே துறைதான்.

படிவத்தில் அப்போது நான்கு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, குளோபல் பிரிட்டன். இரண்டாவது லெவலிங் அப், அதாவது பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடுவது. அப்புறம் திறன் வளர்ப்பு. கடைசியில், வரி கட்டுகிறவரின் காசுக்கு மதிப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் பயணம் எப்படிப் பயன்படும் என்று எழுதவேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை லில் நகரத்துப் பள்ளியில் ஐந்து நாள் இருந்து வரப்போகிறது. அது குளோபல் பிரிட்டனை எப்படி முன்னெடுக்கும்? ஒரு பிரெஞ்சு ஆசிரியை ராத்திரி பதினொரு மணிக்கு, நாற்பது நோட்டுப் புத்தகம் திருத்தி முடித்தபின் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுதுகிறாள். “எங்கள் மாணவர் பேக்கரியில் தானே பிரெஞ்சில் கேட்டு ரொட்டி வாங்குவதன்மூலம் பிரிட்டனின் உலகளாவிய செல்வாக்கு...” என்று தொடங்கி அழித்திருப்பாள். மறுபடி எழுதியிருப்பாள். உண்மையான பதில் ஒரு வரிதான்: பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும், பிரெஞ்சு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மதிப்பெண் கிடையாது.

இப்படி எழுதத் தெரிந்த ஆள் இருக்கும் பள்ளிக்குத்தான் பணம். பெரிய பள்ளிக் குழுமங்களில் அதற்கென்றே ஆள் உண்டு. பல்கலைக்கழகங்களில் ஓர் அலுவலகமே உண்டு, பெரும்பங்கு அங்கேதான் போனது. எங்கள் பக்கத்துப் பள்ளியில் படிவம் எழுதக்கூடியவர் ஒரே ஓர் ஆசிரியை, அந்த வருடம் பிரசவ விடுப்பில் இருந்தார். ஒரு குழந்தை பிறந்ததில் முப்பது பிள்ளைகளின் பயணம் நின்றது. சரியாகச் சொன்னால் அப்போதே நிற்கவில்லை. நின்ற கதை இது.

2022 இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். வல்வெட்டித்துறைக்காரர், ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மகனுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. பிரான்ஸில் உள்ள கூட்டுப் பள்ளிக்கு வசந்தத்தில் ஐந்து நாள் பயணம். பெற்றோர் 465 பவுண்டு ‘தன்னார்வப் பங்களிப்பு’ செய்யும்படி பள்ளி கேட்டிருந்தது. இங்கிலாந்துச் சட்டப்படி பள்ளி நேரத்துப் படிப்புக்கு அரசுப் பள்ளிகள் கட்டணம் வாங்கக்கூடாது. அதனால் பள்ளிகள் எல்லாம் தன்னார்வத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

“தம்பி, வொலன்டரி எண்டால் விரும்பினால் குடுக்கிறதுதானே?”

“ஓமக்கா.”

“அப்ப ஏன் கடைசித் திகதி போட்டிருக்கினம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த பத்தியைக் காட்டினேன். போதிய பங்களிப்பு சேராவிட்டால் பயணம் ரத்தாகலாம் என்றிருந்தது.

“அப்ப நாங்கள் குடுக்காட்டி முழு வகுப்பும் நிக்கும். எங்கட பெடியனாலதான் நிண்டதெண்டு கதைப்பினம்.” கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “இதுக்குப் பேர் விருப்பமில்லைத் தம்பி. கலியாண வீட்டில மொய் எழுதிற கணக்கு.”

சீட்டுக் காசில் பிய்த்துக் கட்டிவிட்டார். அடுத்த கணக்கு அங்கேதான் இடித்தது. பையன் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு.

முன்பென்றால் அது ஒரு விஷயமே இல்லை. 1994இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ‘பயணிகள் பட்டியல்’ என்று ஒரு வசதி இருந்தது. பள்ளிக் குழுவாகப் போனால் பிள்ளைகளின் பெயரும் படமும் உள்ள ஒரு படிவம், அதை உறுதிப்படுத்தி ஒரு முத்திரை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் விசா கேட்க மாட்டார்கள், வகுப்போடு வகுப்பாகப் போய் வரலாம். எல்லைக்காரன் கண்ணில் அவன் இலங்கையன் அல்ல, ஒன்பதாம் வகுப்பு. பிரெக்ஸிட்டோடு அந்தத் தாள் கிழிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் 2021 அக்டோபர் முதல் அடையாள அட்டை செல்லாது, கடவுச்சீட்டு வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு வகுப்பில் அல்ஜீரியப் பிள்ளை இருந்தால் அதற்குத் தனியாகப் பிரிட்டிஷ் விசா. எந்த ஆசிரியர் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வகுப்பைக் கூட்டிக்கொண்டு வருவார்? வராமல் அயர்லாந்துக்குப் போனார்கள். கென்ட்டிலும் ஹேஸ்டிங்ஸிலும் விருந்துப் பிள்ளைகளுக்குப் படுக்கை போட்டுப் பிழைத்த குடும்பங்கள் வெறும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வருகிறவர்கள் நஷ்டம் என்றாரே, அந்த நஷ்டம் போனதால் வந்த லாபம் இது.

அக்கா மகனுக்கு விசா மையத்தில் நேரம் கிடைக்கவில்லை. ராத்திரி வேலை முடித்து வந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கிடைத்த முதல் நாள் பயணம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு. இதே சிக்கலில் வகுப்பில் வேறும் சிலர். இதற்கிடையில் தன்னார்வம் போதிய அளவு ஊறவில்லை. பள்ளி பயணத்தை ரத்து செய்தது. “மன உளைச்சலுக்கு வருந்துகிறோம்” என்று மின்னஞ்சல். காசு திரும்பி வந்தது, முன்பணம் கழித்து.

பிரெஞ்சுப் பள்ளிக் குழுக்கள் அடையாள அட்டையோடு வரலாம் என்று பிரிட்டன் மனமிரங்கியது 2023 டிசம்பர் கடைசியில். ஜெர்மனியோடு பள்ளிக் குழுக்களுக்கு விசா வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டது 2025 ஜூலையில். பிரதமர் கெய்ர் ஸ்டார்மரும் ஜெர்மன் சான்ஸலர் ஃபிரீட்ரிக் மெர்ட்ஸும் லண்டனில் கையெழுத்திட்டார்கள், கென்சிங்டன் ஒப்பந்தம் என்று பெயர், படம் எல்லாம் பிரமாதமாக வந்திருந்தது. 1994இல் ஒரு தாளில் முடிந்த காரியத்துக்கு இப்போது நாட்டுக்கு நாடு ஒரு ராஜதந்திரம். அதே 2025இல் டியூரிங் திட்டத்தின் ஆண்டுக் காசை 78 மில்லியனாக வெட்டினார்கள். ஐம்பது பவுண்டு நோட்டை ஈஸ்ட்ஹாம் மரக்கறிக் கடையில் நீட்டிப் பாருங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ‘சில்லறை இல்லையா அண்ணை’ என்பார்கள். டியூரிங் படம் போட்ட எதுவும் எளிதில் மாறுவதில்லை.

பிறகு 2025 டிசம்பர் 17. பிரிட்டன் 2027இல் மீண்டும் எராஸ்மஸில் சேர்கிறது என்று அறிவிப்பு. 2027-28க்கு மட்டும் சுமார் 570 மில்லியன் பவுண்டு. அதிலும் முப்பது சதவீதத் தள்ளுபடி வாங்கிவிட்டோம் என்று அமைச்சர்கள் மார்தட்டினார்கள். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தவர்கள்கூட இவ்வளவு பூரிக்க மாட்டார்கள். அதுவும் போன ஆடியில் தானே குப்பையில் போட்ட புடவை. போட்டது நாங்கள் இல்லை, முந்தின ஆட்சி என்கிறார்கள். உண்மைதான். பதவிக்கு வந்து ஒன்றரை வருடம் அந்தக் குப்பைத் தொட்டியைச் சுற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது யார்? எராஸ்மஸில் மீண்டும் சேரும் திட்டம் இல்லை என்று முதலில் சொன்னவர்களும் இவர்கள்தான். நான் திரும்பி வந்ததைக் குறை சொல்லவில்லை. வரட்டும், முழு விலைக்கும் வரட்டும். போன பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் போன வருடங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

அதை விரல் விட்டு எண்ணலாம். 2020 செப்டம்பரில் பதினோரு வயதில் மேல்நிலைப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்த பிள்ளை, 2027 கோடையில் பதினெட்டு வயதில் வெளியே வரும். சேர்ந்த முதல் பருவத்தில் கதவு சாத்தியது. கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறக்கிறது. ஏற்கெனவே ஒதுக்கிய எராஸ்மஸ் பணம் கொஞ்ச காலம் சொட்டிக்கொண்டிருந்தது என்று யாராவது திருத்தம் சொல்வார்கள். ஆம், சொட்டியது, யாருடைய பாத்திரம் அடியில் இருந்ததோ அவர்களுக்கு. கட்டணப் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஏழு வருடமும் வழக்கம்போலப் போய் வந்தார்கள். அவர்களுக்கு எராஸ்மஸும் ஒன்றுதான், டியூரிங்கும் ஒன்றுதான், அப்பாவின் வங்கி அட்டை இருக்கிறது.

அறிவிப்பு வந்த அன்று ராத்திரி அக்கா போன் பண்ணினார். டீவியில் பார்த்தாராம்.

“தம்பி, பள்ளிக்கூடப் பயணம் திரும்ப வருதாமே. இவன் இப்ப பன்ரெண்டாம் வகுப்பு. 2027இல போகேலுமோ?”

அந்த வருடம்தான் அவன் பள்ளியை விட்டு வெளியேறுகிறான் என்றேன். அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“சரி விடும். அவன் பிரெஞ்சையும் அப்பவே விட்டிட்டான்தானே.”

விட்டது எனக்கும் தெரியும், படிவம் நிரப்ப நான்தான் பக்கத்தில் இருந்தேன். இங்கே 2004இலிருந்து பதினான்கு வயதுக்குப் பிறகு வெளிநாட்டு மொழி கட்டாயமில்லை. 2023 வசந்தத்தில், பயணம் ரத்தான அதே மாதம், ஒன்பதாம் வகுப்புக்குப் பாடத் தேர்வுப் படிவம் வந்தது. ஒரே பக்கம், கட்டம் கட்டமாக. பிரெஞ்சுக்கு நேரே அவன் பேனாவை வைத்து ஒரு கோடு இழுத்தான், இரண்டு கட்டம் தள்ளி வணிகவியலுக்கு டிக் போட்டான். குளோபல் பிரிட்டனைப் பற்றி அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. ஏன் விடுகிறாய் என்றுகூடக் கேட்டிருக்கவில்லை.